பங்கு என்றால் பங்கு

(தலித் கிறித்தவர் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"பங்குச் சமூக வாழ்வும் வழிபாடும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீசில் பார்த்தபோது ஏதோ தியானப் பிரசங்கத்தின் தலைப்பு மாதிரி இருந்தது. ஆனா இதைவிடச் சண்டைக்குரிய தலைப்பு வேற கிடையாது. ஏன்னு சொல்றேன்.

கத்தோலிக்கர்கள் ஒரு கோயிலையும் அதைச் சேர்ந்த மக்களையும் 'பங்கு' என்கிறோம். பங்குச் சாமியார், பங்குக் கோயில், பங்குப் பேரவை, பங்கு மக்கள். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு இருக்கிற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. அயலில் குடியிருப்பது, அந்நியராய் ஓரிடத்தில் தங்கியிருப்பது என்று அதற்குப் பொருள். நம்ம தமிழில் விழுந்த சொல் அதைவிடப் பலமானது. சொத்துல பங்கு, விளைச்சல்ல பங்கு, ஏரித் தண்ணியில பங்கு, ஆட்டுக்கறியில பங்கு. பங்கு என்றால் எனக்குச் சேர வேண்டிய பாகம். அதைப் பிச்சையாக வாங்க வேண்டியதில்லை, கேட்டு வாங்கலாம். பங்கு உள்ளவனைப் பங்காளி என்கிறோம். நம்மையோ 'பங்கு மக்கள்' என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார்கள், பங்காளி என்று ஒத்துக்கொள்வதில்லை. நான் பேச வந்தது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் ஒன்றை வெளியிட்டது. நாட்டில் ஏறத்தாழ 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர் என்றால் அதில் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று அந்த ஆவணமே சொல்கிறது. தீண்டாமை திருச்சபைக்குள் இருக்கிறது, தலைமையில் தலித்துகள் மிகக் குறைவு என்றும் ஒத்துக்கொள்கிறது. அதாவது சிறுபான்மைக்குள் நாம் பெரும்பான்மை. பூசைக்கு நிறைந்திருப்பது நம்ம தலைகள். நவநாளுக்கு நடந்து வருவது நம்ம கால்கள். தேர்வடம் இழுக்க, பந்தல்கால் நட, குழி வெட்ட நம்ம கைகள். ஆனா தீர்மானிக்கிற இடத்தில் நம்மைத் தேடித்தான் பார்க்கணும். இந்தியாவின் முதல் தலித் கர்தினாலாக ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா வந்தது 2022 ஆகஸ்டில். தமிழகத்திலேயே 400 ஆண்டுக்கு மேற்பட்ட கிறித்தவ வரலாறு என்று பெருமை பேசுகிறோமே, அந்தக் கணக்கோடு இந்த ஆண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இது எங்கே தொடங்கியது? "சாதி வெளியிலிருந்து கோயிலுக்குள் நுழைந்துவிட்டது, மக்களின் பழைய பழக்கம்" என்று சாமியார்கள் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதியை நாம் சொல்லணும். ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்தார். உயர்சாதியாரைச் சேர்ப்பதற்காகச் சந்நியாசி வேடம் பூண்டார். காவி உடை, சைவ உணவு, பார்ப்பனச் சமையல்காரர். தாழ்த்தப்பட்டவர்களோடு பழகினால் உயர்சாதியார் வரமாட்டார்கள் என்று 1640 வாக்கில் 'பண்டாரசாமிகள்' என்று இன்னொரு வகைக் குருக்களை ஏற்பாடு செய்தார்கள். மேலே ஒரு சாமியார், கீழே ஒரு சாமியார். வேதம் ஒன்று, ஞானஸ்நானத் தண்ணி ஒன்று, ஊற்றுகிற கை மட்டும் வேறு. ஆக, சாதியானது ஜனங்களோட மட்டும் உள்ளே வரவில்லை. திட்டம் போட்டு, அனுமதி வாங்கி, வழிபாட்டுக்குள்ளேயே அதைக் கட்டினார்கள்.

கட்டினார்கள் என்பதை நிஜமாகவே செங்கல், சுண்ணாம்பு வைத்துக் கட்டினார்கள் என்று சொல்லலாம். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம். 1872இல் எழும்பிய திருக்குடும்பக் கோயிலில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று இரண்டு நீள மண்டபங்கள். இரண்டும் சேருகிற இடத்தில் பீடம். கால்சட்டை மாதிரி இருந்ததால் கால்சட்டைக் கோயில் என்றே பேர் வந்தது. நடுவில் சுவர். 1910இல் சேசு சபைக் குருக்கள் அந்தச் சுவரை இடித்தபோது வெள்ளாளர் தரப்பு நீதிமன்றத்துக்குப் போனது. சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடந்து தோற்றது. இங்கே நான் கவனிக்கச் சொல்வது ஒன்று. அந்த வழக்கில் மேல்சாதியார் கேட்டது 'உரிமை'. கோயிலில் தனியிடம் எங்கள் பரம்பரைப் பங்கு என்றார்கள். அவர்கள் தங்கள் பங்குக்காகக் கோர்ட்டுக்குப் போனால் அது பாரம்பரியம். நாம் கேட்டால் மட்டும் கலகம், பங்கின் ஒற்றுமையைக் கெடுப்பது!

சரி, இன்றைய பங்குக்கு வருவோம். ஒரு பங்கில் நமக்குப் பங்கு இருக்கிறதா என்று பார்க்க ஐந்து இடங்களுக்குப் போய்ப் பார்க்கணும். பீடம், தெரு, கணக்கு, வேலை, கல்லறை.

பீடம். பூசையில் வாசகம் வாசிப்பது யார்? மன்றாட்டுச் சொல்வது யார்? காணிக்கைப் பொருளை ஏந்தி வருவது யார்? பீடச் சிறுவர்களில் நம்ம தெருப் பையன்கள் எத்தனை பேர்? பாடகர் குழுவில் நம்ம பெண்கள் நிற்கிறார்களா, அல்லது "அவங்களுக்கு ராகம் வராது" என்று ஓரங்கட்டியிருக்கிறார்களா? கிறிஸ்மசுக்குப் பாலன் சுரூபத்தை முத்திசெய்யக் கொடுக்கும்போது வரிசை எப்படி நிற்கிறது? பெரிய வியாழன் அன்றைக்கு 12 பேருக்குச் சாமியார் பாதம் கழுவுகிறாரே, அந்த 12 பேரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? சில பங்குகளில் அது பரம்பரை மரியாதை. ஆண்டவர் அடிமை வேலை செய்து காட்டிய சடங்கு, இங்கே பெரிய வீட்டுக்காரன் கால் நீட்டி உட்காருகிற சடங்காகிவிட்டது. பெண்களின் பாதத்தையும் கழுவலாம் என்று போப் பிரான்சிஸ் 2016 ஜனவரியில் விதியையே மாற்றினார். ரோமாபுரியில் மாறியது நம்ம ஊர்க் கோயிலில் மாறியதா? நம்ம சேரியில் வயல் சேற்றில் வெடித்த காலோடு ஒரு கிழவி உட்கார்ந்து, அந்தக் காலைச் சாமியார் கழுவி முத்தமிட்டதைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் பார்க்கலாம்.

(கூட்டத்தில் சிரிப்பு.)

சிரிக்கிறோம். ஆனா இந்தச் சின்னச் சின்ன விசயத்தில்தான் ஒரு குழந்தை தன் இடம் என்ன என்று படிக்கிறது. ஞானோபதேச வகுப்பில் எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்று மனப்பாடம் செய்கிறது. பிறகு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் போய், அம்மா எந்தத் தூணுக்குப் பின்னால் உட்காருகிறாள் என்று பார்க்கிறது. எந்தப் பாடம் நெஞ்சில் நிற்கும்? நான் சின்னப் பிள்ளையாய் இருந்தபோது எங்க அப்பாயி கோயிலுக்குள் போனால் பின்வாசல் ஓரமாகவே முழந்தாள் போடும். "உள்ள போய் உக்காரேன் அப்பாயி"ன்னா, "இங்க காத்து வரும்டா" என்று சொல்லும். காற்றுக்காக இல்லை என்பது எனக்குப் புரியப் பல வருசம் ஆச்சு. யாரும் அதட்டி விரட்டத் தேவையே இல்லாத அளவுக்கு மூன்று தலைமுறையாக அந்த இடம் பழகிப்போயிருந்தது. இதைத்தான் அமைதியான பங்கு, நல்ல பங்கு என்று மேற்றிராணியாருக்கு அறிக்கை அனுப்பினார்கள்.

இரண்டாவது, தெரு. கத்தோலிக்க வழிபாடு கோயிலுக்குள் முடிகிறது இல்லை. கொடி ஊரைச் சுற்றும், சப்பரம் சுற்றும், நற்கருணைப் பவனி சுற்றும். எந்தத் தெரு வழியாகச் சாமி போகிறதோ அந்தத் தெரு ஊர். போகாத தெரு ஊருக்கு வெளியே. மாதா ஒரு தெருவுக்கு வருவாள், இன்னொரு தெருவுக்கு வரமாட்டாள் என்றால் அதை முடிவு செய்தது மாதாவா? திருவிழா வரி வாங்குவதிலும் இதே கதை. சில இடங்களில் நம்மிடம் தலைக்கட்டு வரியே வாங்கமாட்டார்கள். "ஏழைங்கதானே, விட்டுடலாம்" என்று கருணை மாதிரித் தெரியும். உண்மை என்னன்னா, வரி கொடுத்தவனுக்கு மண்டகப்படி உண்டு, தேர் வடம் தொட உரிமை உண்டு, நோட்டீசில் பேர் உண்டு, கணக்குக் கேட்க வாய் உண்டு. வரியை மறுப்பது பங்கை மறுப்பதுதான். திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையம் பங்கின் தலித் மக்கள் திருவிழாவிலும் நிர்வாகத்திலும் ஒதுக்கப்படுகிறோம் என்று வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2025இல் நோட்டீஸ் அனுப்பப்பட்டதே, அதன் அடியில் கிடப்பதும் இந்தக் கேள்விதான்.

தெரு என்றதும் எறையூரைச் சொல்லாமல் நகர முடியாது. அன்றைய விழுப்புரம் மாவட்டம், புதுவை - கடலூர் உயர்மறைமாவட்டம். பெரிய, பழைய செபமாலை மாதா கோயில். அங்கே சவ ஊர்வலம் முதல் தேர்ப்பவனி வரை தலித் கத்தோலிக்கருக்கு வேறு வழி. பொறுத்துப் பார்த்து, தங்கள் பகுதியில் சகாய மாதா கோயிலைக் கட்டி, எங்களைத் தனிப் பங்காக அறிவியுங்கள் என்று கேட்டார்கள். 2008 மார்ச்சில் உண்ணாவிரதம் இருந்தார்கள். மார்ச் 9ஆம் தேதி தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் தரப்பில் இருவர் செத்துப்போனார்கள். செத்த இருவரும் கத்தோலிக்கர். அடிபட்டவர்களும் கத்தோலிக்கர். தவக் காலத்தில், உயிர்ப்பு விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரே மாதாவைக் கும்பிடுகிற ஊரில் இது நடந்தது. சாதி நம்மைக் கொல்கிறது, தன்னைத் தூக்கிச் சுமக்கிறவனையும் கடைசியில் கொல்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

மூன்றாவது, கணக்கு. காணிக்கை உண்டியல், பூசைப் பணம், நேர்ச்சை ஆடு கோழி ஏலம், கோயில் நிலத்தின் குத்தகை, கடை வாடகை, கல்யாண மண்டபம். இந்தக் கணக்கு யார் கையில்? பங்குப் பேரவையில் நமக்கு 'பிரதிநிதி' என்று ஒருவரைப் போடுவார்கள். அவர் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போடுவார். அன்பியங்களைத் தெருவாரியாகப் பிரித்தார்கள். ஆனா தெருவே சாதிவாரியாக இருக்கிறபோது அன்பியமும் சாதிவாரியாகத்தானே அமையும்? பேர் என்னமோ அன்பியம்! ஊர்த்தெரு அன்பியக்காரர்கள் சேரி அன்பியத்தில் வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுப் போகட்டும். அதுதான் அதற்குச் சோதனை.

நான்காவது, வேலை. கத்தோலிக்கத் திருச்சபைக்குப் பள்ளிக்கூடம், கல்லூரி, ஆஸ்பத்திரி எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியும். அதில் பல, ஏழைகளுக்காக என்று சொல்லித் திரட்டிய பணத்தில் நின்றவை. நம்ம ஆட்களுக்கு அங்கே என்ன வேலை? கூட்டுகிற வேலை, மணியடிக்கிற வேலை, தோட்ட வேலை, விடுதிச் சமையல். பெண்கள் நிலைமை இன்னும் மோசம். கோயில் தரையைச் சாணியும் தண்ணியுமாய்க் கழுவியது நம்ம அம்மாமார்கள். கன்னியர் மடத்தில் பாத்திரம் துலக்கியதும் அவர்களே. மடத்துக்குள் சகோதரியாகப் போனால்கூடச் சாதி பின்னாலேயே வந்தது என்பதை பாமா 1992இல் 'கருக்கு' எழுதி ஊருக்கே சொன்னார். அந்தப் புத்தகத்தைப் பல்கலைக்கழகத்தில் பாடமாக வைத்தார்கள். எத்தனை குருமடத்தில், கன்னியர் பயிற்சி இல்லத்தில் பாடமாக வைத்தார்கள்?

ஐந்தாவது, கல்லறை. இங்கேதான் எல்லாப் பேச்சும் நிற்கிறது. உயிரோடு இருக்கும்போது பிரிப்பதற்குத் தீட்டு, பழக்கம், வழக்கம் என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். செத்த உடம்புக்கு என்ன சாதி? திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் பிணத்தையும் மற்றப் பிணத்தையும் பிரித்து ஒரு சுவர் நின்ற செய்தி நாடெல்லாம் தெரிந்ததுதான். பல கிராமங்களில் சுவர் கிடையாது. தனித்தனித் தோட்டமே உண்டு. ஊருக்கு ஒரு தூம்பா, சேரிக்கு ஒரு தூம்பா. நவம்பர் 2ஆம் தேதி சகல ஆத்துமாக்கள் திருநாளுக்குச் சாமியார் முதலில் எந்தக் கல்லறையை மந்திரிக்கிறார், எந்தக் கல்லறைக்கு இருட்டின பிறகு வந்து அவசரமாய்த் தீர்த்தம் தெளிக்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? உடலின் உயிர்ப்பை விசுவசிக்கிறேன் என்று ஞாயிறுதோறும் சொல்கிறோம். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது இரண்டு கேட் வழியாகவா எழுந்து வருவோம்?

இதற்கெல்லாம் சட்டம் இல்லாமல் இல்லை, தோழர்களே. இதை நம்ம இளைஞர்கள் நன்றாகப் படிக்கணும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டின் 32ஆம் எண், வழிபாட்டில் தனியாருக்கோ எந்த வகுப்பாருக்கோ விசேச மரியாதை காட்டக்கூடாது என்கிறது. அருட்பணிப் பொறுப்பு, வழிபாட்டு விதிப்படி அரசு அதிகாரிக்குரிய மரியாதை, இவைதான் விதிவிலக்கு. அப்படியானால் பரம்பரை மண்டகப்படி மரியாதை எந்தக் கணக்கில் வருகிறது? 1965இல் வந்த 'இன்றைய உலகில் திருச்சபை' ஏட்டின் 29ஆம் எண், எந்த விதமான வேற்றுமை பாராட்டலும் கடவுளின் திட்டத்துக்கு விரோதம் என்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 208ஆம் சட்டம், விசுவாசிகள் எல்லோருக்கும் மாண்பில் உண்மையான சமத்துவம் உண்டு என்கிறது. 212ஆம் சட்டம் கருத்துச் சொல்ல உரிமை தருகிறது. 515ஆம் சட்டம் பங்கு என்பதைக் கட்டடமாக வரையறுக்கவில்லை, விசுவாசிகளின் சமூகம் என்கிறது. 537ஆம் சட்டம் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்கணும் என்கிறது. 1287ஆம் சட்டம் மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடம் கணக்குச் சொல்லணும் என்கிறது.

தமிழக ஆயர்கள் 1990இல் தலித் கிறித்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் அறிவித்தார்கள். 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் ரோமுக்குப் போயிருந்தபோது போப் இரண்டாம் ஜான் பால், கிறித்தவர்களுக்குள் சாதி பார்ப்பது மனித ஒருமைப்பாட்டுக்கே எதிரான அடையாளம் என்ற பொருளில் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். 2016இல் மேலே சொன்ன கொள்கை ஆவணம் வந்தது. காகிதத்துக்குக் குறைச்சல் இல்லை. அந்தக் காகிதத்தைப் பங்குக் கோயிலில் ஞாயிறு இரண்டாம் பூசையில் நின்று வாசிக்கிற ஆள்தான் குறைச்சல். நவம்பரில் ஒரு ஞாயிற்றைத் தலித் விடுதலை ஞாயிறு என்று அனுசரிக்கச் சொல்கிறார்கள். அன்றைக்குப் பீடத்தில் பறை முழங்கும். நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனா அடுத்த ஞாயிறு பறை வெளியே போய்விடும், அடித்தவனும் தன் பழைய தூணுக்குப் பின்னால் போய்விடுவான் என்றால், நமக்குக் கொடுத்தது ஒரு நாள் வேசம்தான்.

இங்கே ஒரு பெரிய முரண்பாட்டைச் சொல்லியாகணும். 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் அட்டவணைச் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். நம்மை விட்டார்கள். தமிழ்நாட்டில் நாம் பிற்பட்டோர் பட்டியலில். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நமக்குப் பாதுகாப்புத் தராது. தெருவில் அடிக்கும்போது பறையன், பள்ளன், சக்கிலியன். ஸ்டேசனில் புகார் கொடுக்கும்போது கிறித்தவன். அதனாலேயே எத்தனையோ வீட்டில் ஒரு பிள்ளைக்கு இரண்டு பேர். கோயில் பதிவேட்டில் ஒரு பேர், பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒரு பேர். சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்த சூசை என்ற தொழிலாளிக்கு, கிறித்தவர் என்பதால் அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை மறுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1985இல் வந்த தீர்ப்பு என்ன சொன்னது? மதம் மாறிய பிறகும் கிறித்தவச் சமூகத்துக்குள் சாதிக் கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்று காட்டப் போதிய ஆதாரம் இல்லை என்றது. 2007இல் வந்த ரங்கநாத் மிஸ்ரா ஆணைய அறிக்கை அந்த மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. நீக்கவில்லை. 2022இல் பாலகிருஷ்ணன் ஆணையம் என்று மறுபடி ஒன்றை அமைத்தார்கள்.

இப்போது கவனியுங்கள். சூசை வழக்கில் கேட்ட ஆதாரம் எங்கே இருக்கிறது? நம்ம பங்குகளில் இருக்கிறது. கல்லறைச் சுவரில், தேரோடாத தெருவில், இரண்டு தூம்பாவில் இருக்கிறது. டில்லிக்கு ஊர்வலம் போகும்போது ஆயர்கள் "எங்கள் மக்கள் திருச்சபைக்குள்ளும் சாதியால் நசுக்கப்படுகிறார்கள்" என்கிறார்கள். ஊருக்குத் திரும்பி வந்ததும் பங்குச் சாமியார் "நம்ம பங்குல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லை, நாலு பேர் தூண்டிவிடுறாங்க" என்கிறார். இரண்டில் ஒன்றுதானே உண்மையாக இருக்க முடியும்? பங்கின் மானத்தைக் காப்பாற்ற நாம் வாயை மூடும்போது நம்ம உரிமை வழக்கின் சாட்சியத்தை நாமே புதைக்கிறோம்.

"வெளியே மதவெறியன் கோயிலை உடைக்கக் காத்திருக்கிறான், இந்த நேரத்தில் உள்வீட்டுச் சண்டையா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான், பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வெளியிலிருந்து அடி வரும்போது முதலில் அடிபடுவது யார்? காவலில்லாத சேரிச் சிற்றாலயம்தான். ஆக, ஆபத்து என்ன என்று நமக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். ஆனா வீட்டுக்குள் ஒருத்தனைத் திண்ணையில் படுக்க வைத்துவிட்டு, திருடன் வருகிறான், ஒற்றுமையாய் இரு என்றால் என்ன நியாயம்? உள்ளே கூப்பிட்டுப் பாய் போடு, ரெண்டு பேருமாய்ச் சேர்ந்து விரட்டுவோம்.

இனி முக்கியமான விசயம். தனிப் பங்கு கேட்கலாமா, கூடாதா? நம்ம கூட்டங்களில் இதை வைத்துப் பலமான வாதம் நடக்கிறது. ஒரு சாரார், "போதும், நம்ம கோயில், நம்ம சாமியார், நம்ம மாதா, மானத்தோட கும்பிடுவோம்" என்கிறார்கள். இன்னொரு சாரார், "பிரிந்து போனால் சாதிக்காரன் கேட்டதையே கொடுத்த மாதிரி ஆகும், உள்ளே இருந்து போராடணும்" என்கிறார்கள். இரண்டு பேரும் நம்ம ஆட்கள், இரண்டு பேச்சிலும் வலி இருக்கிறது.

என் கருத்தைச் சொல்கிறேன். மூச்சு முட்டுகிறவன் சன்னலைத் திறக்கச் சொல்வதைத் தப்பு என்று சொல்லும் யோக்கியதை யாருக்கும் இல்லை. எறையூர் மக்கள் கேட்டது நியாயம். ஆனா தனிப் பங்கு என்பது ஒரு வழி, அது போய்ச் சேருகிற இடம் ஆகாது. அதனால் மூன்று கேள்வி கேட்டுப் பார்க்கணும். முதல் கேள்வி, இதைக் கேட்டது யார்? நாம் கூடிப் பேசிக் கேட்டால் அது விடுதலைக்கான படி. நம்மைக் கழித்துக்கட்ட அவர்கள் கொடுத்தால் அது வடக்கன்குளத்துச் சுவரைக் கொஞ்சம் அகலமாகக் கட்டியதுதான். இரண்டாம் கேள்வி, சொத்தில் பாகம் வருகிறதா? பழைய பங்கின் நிலம், பள்ளிக்கூடம், நிதி எல்லாம் அங்கேயே இருக்க, நமக்கு ஓலைக் கொட்டகையும் ஒரு சுரூபமும் மட்டும் என்றால் அதற்குப் பேர் பங்கில்லை, வெளியேற்றம். பிரிகிற பங்காளிக்குப் பாகம் கொடுக்காமல் எந்தக் குடும்பத்தில் பிரித்திருக்கிறார்கள்? மூன்றாம் கேள்வி, பொதுத் தெருவும் பொதுக் கல்லறையும் என்ன ஆகிறது? தனிக் கோயில் வந்தாலும் அந்தத் தெருவில் நடக்கும் உரிமையை, அந்த மண்ணில் அடங்கும் உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது. இந்த மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் தனிப் பங்கு வாங்குங்கள். வராவிட்டால் உள்ளேயே உட்கார்ந்து கேளுங்கள். முன் வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். ஊருக்குப் போனதும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு நோட்டு வாங்குங்கள், நாற்பது பக்க நோட்டு போதும். இந்த ஐந்து இடத்திலும் உங்கள் பங்கில் என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். எந்தத் தேதி, எந்தத் தெரு, யார் என்ன சொன்னார் என்று எழுதுங்கள். படிக்கத் தெரிந்த பெண்பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். அவர்கள் பார்ப்பதை நாம் பார்ப்பதில்லை. நிதிக்குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்று எழுத்தில் கேளுங்கள். மக்கள் காணிக்கையின் கணக்கை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் வாய்ப்பேச்சில்தான் பதில் வரும். திருவிழா வரியைப் பத்து ரூபாயானாலும் கொண்டுபோய்க் கொடுத்து ரசீது கேளுங்கள். மறுத்தால் மறுத்ததையும் நோட்டில் எழுதுங்கள். பெரிய வியாழனுக்கு முன்பே போய், இந்த வருசம் பாதம் கழுவ யார் என்று கேளுங்கள். வாசகம் வாசிக்க நம்ம பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பேர் கொடுங்கள். ஆயருக்கு மனு கொடுக்கும்போது கெஞ்சி எழுதாதீர்கள். சட்டத்தின் எண்ணைப் போட்டு எழுதுங்கள். நம்மோடு நிற்கிற சாமியார்கள், கன்னியர்கள் சிலர் உண்டு, மாற்றலாகித் தண்டனை அனுபவித்தவர்களும் அவர்களில் உண்டு. அவர்களைத் தனியே விட்டுவிடாதீர்கள். மற்றச் சாதியிலும் வெட்கப்படுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நம்ம தெருவில் ஒரு டம்ளர் காப்பி வைத்திருங்கள்.

பூசையில் அப்பத்தைப் பிட்டு எல்லோருக்கும் கொடுக்கிறார்கள். பிட்டுக் கொடுப்பது என்றால் பங்கு வைப்பதுதானே? அந்த அப்பத்தில் நமக்குப் பங்கு உண்டு என்று நம்பித்தான் நம்ம பாட்டன் பூட்டன் இந்த வேதத்துக்குள் வந்தான். சோத்துக்கு மாறினான், பால்பவுடருக்கு மாறினான் என்று கேலி பேசினார்கள், பேசட்டும். மரியாதைக்காக வந்தான் என்பது நமக்குத் தெரியும். அப்பத்தில் பங்கு கொடுத்தவர்கள் தெருவிலும், கணக்கிலும், வேலையிலும், கல்லறையிலும் பங்கு கொடுத்தாகணும். கொடுக்கிற வரைக்கும் கேட்போம்.